பல்கலைக்கழக மாணவரும் ஆபத்துக் காலமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்றைக்கு என்னைப் பேச அழைத்த செயலாளர் அவர்கள், "தம்பி, பல்கலைக்கழகத்துக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக ஏதாவது சொல்லும்" என்று கேட்டார்கள். பிரயோசனமாகப் பேசுதல் என்றால் பரீட்சையைப் பற்றிப் பேசுதல் என்றே நம்மூரிலே பொருள். எந்தப் பாடத்துக்கு எந்த ஆசிரியர், எத்தனை இசட் புள்ளி வந்தால் எந்தப் பீடம் என்பவற்றைச் சொல்லுவதற்குக் கொடிகாமத்திலே ஆட்கள் பலர் இருக்கின்றார்கள். என்னிலும் நன்றாகச் சொல்லுவார்கள். அந்தப் புள்ளியைப் பெற்று உள்ளே போன பிள்ளை, நாலு வருடம் கழித்து உடல்நலத்தோடு வெளியே வருவது எப்படி என்பதைச் சொல்லுவார் குறைவு. ஆகையால் அதையே என் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

நான் படித்தது மிஷன் பாடசாலையிலே. அப்பூதியடிகள் நாயனாருடைய கதையை முதன்முதல் நான் கேட்டது இச்சங்கத்தின் வெள்ளிக்கிழமை வகுப்பிலேதான். பெரியோர்களுக்குத் தெரிந்த கதை. இளைஞர்களுக்காகச் சுருக்கிச் சொல்லுகின்றேன். திங்களூரிலே வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் கண்ணாற் கண்டிராத நாவுக்கரசு சுவாமிகள்மீது கொண்ட அன்பினாலே தம் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே இட்டு அழைத்தார். அந்தச் சுவாமிகள் ஒருநாள் தம் வீட்டுக்கே வந்துவிட, அமுது செய்விக்க ஏற்பாடு செய்தார். மூத்த மகனை வாழைக்குருத்து அரிந்து வர அனுப்பினார்கள். தோட்டத்திலே பாம்பு அவன் கையைத் தீண்டிற்று. அவன் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. விஷம் தலைக்கேறுமுன் இலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று ஓடினான். தாயின் கையில் இலையைக் கொடுத்துவிட்டு விழுந்தான். தாய் தந்தையரும் விருந்துக்குத் தடை வரக்கூடாது என்று அவனுடலை மறைத்துவைத்துவிட்டு இலை போட்டார்கள். பின்பு சுவாமிகள் உண்மையை அறிந்து பதிகம் பாடி அவனை எழுப்பிய வரலாறு நீங்கள் அறிந்ததே.

அன்று வகுப்பிலே நான் எழுந்து, "அந்தப் பையன் ஏன் உடனே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் அமுது தடைப்படும்" என்றார் ஆசிரியர். அந்தப் பத்தியை அளப்பதற்கு நான் தகுதியுடையவன் அல்லன். ஆனால் அங்கே மறைத்ததை அறிந்து மீட்டுத் தருவதற்கு நாவுக்கரசு சுவாமிகள் வீட்டுக்குள்ளேயே எழுந்தருளியிருந்தார். நம்முடைய பிள்ளைகள் தங்கியிருக்கும் போடிங் வீடுகளிலே அப்படி ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இதை நான் ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லுகின்றேன் என்றால், அந்தக் கதை ஏறக்குறைய அப்படியே என் கண்முன் நடந்தது. முதலாம் வருடத்திலே நாங்கள் ஐவர் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். கட்டில் இரண்டு, மற்ற மூவர் நிலத்திலே பாய் விரித்துப் படுப்போம். ஐப்பசி மழைக் காலம். ஒருநாள் இரவு ஒரு மணியளவில், நிலத்திற் படுத்திருந்த நண்பன் ஒருவன் எதுவோ கடித்தது போல உணர்ந்து எழுந்து, காலைச் சொறிந்துவிட்டு, எறும்பு என்று நினைத்து மறுபடி படுத்துக்கொண்டான். சிறிது நேரத்தில் வயிற்றுநோ வந்தது. மாலையிலே உண்ட கொத்துரொட்டி செய்த வேலை என்று எண்ணினான். மறுநாள் எங்களுக்குப் பரீட்சை. எங்கள் நித்திரையைக் குழப்பக்கூடாது என்று ஒருவரையும் எழுப்பவில்லை. விடியப்புறம் ஐந்து மணிக்கு நான் எழுந்து விளக்கைப் போட்டபோது சுவரிலே சாய்ந்து இருந்தான். கண்மடல் இரண்டும் பாதி மூடித் தொங்கின. "என்னடா, பரீட்சைக்கு முன்னமே நித்திரை தூங்குகிறாய்" என்று சிரித்தவன் நான்தான். தண்ணீர் கொடுத்தோம், விழுங்க முடியாமல் கடைவாயால் வழிந்தது. அதன் பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது. ஓட்டோவைப் பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "நிலத்திலா படுத்தவர்?" என்பதே.

எண்ணெய் விரியன். தமிழ்நாட்டிலே கட்டுவிரியன் என்று சொல்லுவார்கள். பகலிலே சோம்பிக் கிடந்து இரவிலே இரை தேடும் பாம்பு. வீட்டுக்குள்ளே வந்து, நிலத்திலே நித்திரை கொள்ளுவோரைத் தீண்டுவதே பெரும்பாலும் நடக்கின்றது. கண்ணாடி விரியன் கடித்தால் நோவும் வீக்கமும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய் விரியனின் கடியிலே நோவும் இல்லை, வீக்கமும் இல்லை. பல்லுப் பட்ட அடையாளம்கூடச் சிலவேளை தெரியாது. வயிற்றுநோ வரும்; பிறகு கண்மடல் தொங்கும்; விழுங்க முடியாது போகும்; பேச்சுக் குழறும்; கடைசியாக மூச்சுவிடும் தசைகள் ஓயும். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தையே அதன் விஷம் கெடுத்துவிடுகின்றது. அந்த இடம் ஒருமுறை கெட்டுவிட்டால், பின்பு ஏற்றும் விஷமாற்று மருந்தினால் அதை உடனே திருத்த முடியாது. உடல் தானாகவே அதைப் புதுப்பிக்கும் வரைக்கும் இயந்திரத்தினாலே மூச்சுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே நாலு மணித்தியாலம் பிந்தினான் என்பது சிறிய விஷயம் அன்று. என் நண்பன் பல நாள் இயந்திரத்திலே கிடந்து பிழைத்தான். பிற்பாடு அவனிடம், "ஏன் எங்களை எழுப்பவில்லை?" என்று கேட்டேன். "வயிற்றுநோவுக்கு ஆளை எழுப்ப வெட்கமாய் இருந்தது" என்றான்.

இங்கே நிலத்திலே படுக்கும் வாலிபர்கள் பலர் இருப்பீர்கள். நுளம்பு வலையைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிட்டுப் படுத்தால் நுளம்புக்கும் காவல், பாம்புக்கும் காவல். இரவிலே வெளியே போகும்போது ரோச் லைற் கொண்டு போகவேண்டும். கடித்துவிட்டால், அல்லது கடித்ததோ என்று ஐயம் வந்தால், அறையிலுள்ள அத்தனை பேரையும் எழுப்ப வேண்டும். கடிபட்டவரை நடக்கவிடாது, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். மோதிரம், கைக்கயிறு முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கயிற்றினால் இறுக்கிக் கட்டுவதும், பிளேட்டினாற் கீறுவதும், வாயினால் உறிஞ்சுவதும் தீமையையே செய்யும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போகவேண்டிய அவசியமும் இல்லை. நம் நாட்டு ஆசுபத்திரிகளில் ஏற்றும் மருந்து, நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்குக்கும் பொதுவானது. வசதியாகக் கிடைத்தால் தூர நின்று கைத்தொலைபேசியிலே படம் எடுத்தாற் போதும். பெரியோர்கள் மன்னிக்க வேண்டும்: பரம்பரை விஷகடி வைத்தியர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் மூச்சு நிற்கும்போது மூச்சைத் தரும் இயந்திரம் ஆசுபத்திரியிலேதான் இருக்கின்றது.

வாகனம் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. 1990 என்னும் இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு வாங்கமாட்டார்கள். இந்திய அரசின் உதவியோடு 2016 இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிய இச்சேவை, 2018 ஆடியிலே நம் வடமாகாணத்துக்கும் வந்தது. 1990 என்றதும் இங்குள்ள பெரியோர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும் என்பதை அறிவேன். யாழ்தேவி நின்றுபோன ஆண்டு அது. இருபத்துநாலு வருடம் நம் கொடிகாமத்துப் புகையிரத நிலையத்துக்கு வண்டி வரவில்லை. மறக்க முடியாத ஆண்டு என்றபடியால் இலக்கமும் மறவாது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அழைத்தவுடன் அவர்கள் கேட்கும் கேள்வி, "எந்த இடம்?" என்பது. எங்கள் போடிங் வீட்டிலே இருந்த ஐவருக்கும் அந்த ஒழுங்கையின் பெயர் தெரியாது. "ஆலடிக்குப் பக்கத்திலே, கடைக்குப் பின்னாலே" என்று சொல்லியே ஒரு வருடம் காலம் கழித்திருக்கின்றோம். திருநெல்வேலியிலே எத்தனை ஆலடி, எத்தனை கடை! இன்று நான் இருக்கும் அறையிலே, கதவுக்குப் பின்புறம், வீட்டிலக்கம், ஒழுங்கையின் பெயர், கிட்டிய பிரதான வீதி, எல்லாருக்கும் தெரிந்த ஒரு கோவிலின் பெயர், வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கின்றோம். பொலிசுக்கு 119, தீயணைப்புப் படைக்கு 110, புயல் வெள்ளக் காலத்திலே அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பெண்களுக்குத் தொல்லை நேர்ந்தால் 1938. இதற்குச் செலவு ஒரு கடதாசி.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மார்கழியிலே, வெள்ளம் வடிந்த பிறகு, நம் மாவட்டத்திலே ஒரு காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோயிற்று; எலிக்காய்ச்சல் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். வெள்ளத்திலும் சேற்றிலும் இறங்கியவனுக்குக் காய்ச்சலும், கெண்டைக்கால் நோவும், கண் சிவப்பும் கண்டால் அறைக்குள்ளே இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்கலாகாது. இதுவும் நாள் பிந்தினாற் சிறுநீரகத்தைத் தாக்கும். டெங்குக்கும் அதே கதைதான். வீட்டிலே என்றால் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பா. அறையிலே ஒருவன் இரண்டு நாள் படுத்துக் கிடந்தால், "அவன் நித்திரை" என்று மற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகின்றார்கள்.

இனி, சொல்லுவதற்குக் கடினமான பகுதிக்கு வருகின்றேன். பகிடிவதையைப் பற்றிச் சொல்லாமல் பல்கலைக்கழகத்திலே பாதுகாப்பு என்று பேசுவது பொய்ப் பேச்சு. பகிடி என்ற சொல்லை அதன் பெயரிலே சேர்த்தவர்கள் யாரோ, அதை அனுபவித்தவர்களாய் இருக்கமாட்டார்கள்.

1975 இலே, பேராதனையில் மாணவி ஒருத்தி பகிடிவதைக்குத் தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்தாள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு உடல் செயலிழந்தது. அந்த நிலையிலே இருபத்தேழு வருடம் வாழ்ந்து, 2002 இல் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த விடுதி நம் சேர் பொன். இராமநாதனின் பெயரைத் தாங்கியது. 1997 இலே, அதே பேராதனையில், பொறியியற் பீடத்துக்குப் புதிதாய்ச் சென்ற தமிழ் மாணவர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதே ஆண்டிலே அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஒரு மாணவர் அதே விதமாக இறந்தார். பெயர்களை நான் கூறவில்லை. அக்குடும்பங்களின் துயரம் மேடைக்குரியதன்று.

தேகப்பியாசம் செய்வித்தாற் சிறுநீரகம் ஏன் கெடவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், மருத்துவ பீடத்து நண்பர் ஒருவர் விளக்கினார். பழக்கமில்லாத உடம்பை ஓய்வின்றி நூற்றுக்கணக்கிலே இருந்தெழச் செய்தாலும், அடித்து நசித்தாலும் தசை நார்கள் உடைகின்றன. தசைக்குள்ளே இருக்கும் மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் இரத்தத்திலே கலந்து சிறுநீரகத்துக்குப் போய் அதன் நுண்குழாய்களை அடைத்துக் கெடுக்கின்றது. தண்ணீர் குடிக்கவிடாமல் வெயிலிலே செய்வித்தால் இன்னும் விரைவிலே கெடும். வெளியே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு: ஒருநாள் இரண்டுநாளிலே சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்திலே போகும், பிறகு குறையும். அந்த நிறத்தைக் கண்ட நாளிலேயே ஆசுபத்திரிக்குப் போனால் பெரும்பாலும் சேலைன் ஏற்றிக் காப்பாற்றிவிடுவார்கள். ஆனால் அங்கே போனால் வைத்தியர், "என்ன செய்தனீர்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து போகாமல் இருந்துவிடுகின்றார்கள். அப்பூதியடிகளின் மகன் சொல்லாமல் ஓடியது ஒரு பெரியவருக்கு அமுது தடைப்படும் என்று. இவன் சொல்லாமல் கிடப்பது, தன்னை வதைத்தவர்களுக்கு வகுப்புத் தடைப்படும் என்று!

பிள்ளையாருக்கு முன்னே நின்று நாம் போடும் தோப்புக்கரணத்தை அங்கே தண்டனையாகப் போடச் செய்கின்றார்கள். நான் இரண்டாம் வருடத்திலே இருந்தபோது புதுமுக மாணவன் ஒருவன், நம் அயலூர்ப் பிள்ளை, என்னிடம் வந்தான். படியிறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலே இறங்கினான். இரவு எத்தனை தோப்புக்கரணம் போட்டான் என்று அவனுக்கே கணக்குத் தெரியவில்லை. "அண்ணை, நீங்கள் ஒருக்கால் அவர்களோடு கதைத்தால்..." என்று தொடங்கினான். நான் வசனத்தை முடிக்கவிடவில்லை. "நாலு நாள் பொறு தம்பி, எங்களுக்கும் இதுதான் நடந்தது" என்றேன். நான் அவனை வதைத்தவன் அல்லன். ஆனால் வதைத்தவர்கள் என் வகுப்பினர். அவர்களோடு கதைத்தால் என்னையும் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. சிறுநீரின் நிறத்தைக் கேட்க வேண்டும் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனோ என்று சத்தியமாகச் சொல்ல இயலவில்லை.

ஒரு கிழமையிலே அவன் வகுப்புக்கு வருவதை விட்டுவிட்டான். ஒரு மாதத்திலே பல்கலைக்கழகத்தையே விட்டுவிட்டான் என்று அறிந்தேன். போன வருடம் பஸ்ஸிலே கண்டேன். எங்கோ கடையிலே வேலை செய்கின்றானாம். "சுகமா அண்ணை?" என்று தானாகவே கேட்டான். நான் தலையை ஆட்டிவிட்டு, இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னமே இறங்கிவிட்டேன்.

பகிடிவதை ஒற்றுமையை வளர்க்கின்றது, கூச்சத்தைப் போக்குகின்றது, பணக்காரன் ஏழை என்ற வேற்றுமையை அழிக்கின்றது என்று சொல்லுவார் உண்டு. என் அனுபவத்திலே அது வளர்த்தது ஒன்றுதான்: நடந்ததை வெளியே சொல்லாதிருக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் பகிடிவதையோடு நிற்பதில்லை. முதலாம் வருடத்திலே வாயை மூடப் பழகியவன் பாம்பு கடித்தாலும் மூடிக்கொண்டிருக்கின்றான். என் அறை நண்பனுடைய வெட்கம் எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கின்றேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1997 இன் மரணங்களின் பின்னர், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தவருக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைத்தாற் பத்து வருடம் வரை. அச்சட்டம் வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் வதை ஒழியவில்லை. 2020 பங்குனியிலே, ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலே படிக்கட்டில் உருட்டிவிட்ட டயர் ஒன்று தலையில் அடித்துப் புதுமுக மாணவர் ஒருவர் படுகாயமுற்றார். யாராவது ஒருவர் எழுதிக் கொடுக்காமற் சட்டம் தானாக எழுந்து நடக்காது. எழுதிக் கொடுப்பவனைக் காட்டிக்கொடுப்பவன் என்று அழைக்கும் வரைக்கும் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

இந்த இடத்திலே பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளை இரவிலே தொலைபேசி எடுத்து, "அப்பா, இங்கே இருக்க ஏலாது" என்று சொன்னால், "எல்லாரும் பட்டதுதானே ராசா, பொறுத்துக்கொண்டு படி" என்று மறுமொழி சொல்லுகின்றீர்கள். அது அன்பினாலே சொல்லுவது என்பதை அறிவேன். எத்தனை வருடம் பாடுபட்டுக் கிடைத்த இடம், எத்தனை தேங்காய் விற்ற காசு என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் அந்தப் பிள்ளை எத்தனை நாள் யோசித்தபின் அந்த ஒரு வசனத்தைச் சொன்னது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொறு என்று கேட்டால் அது மறுமுறை எடுக்காது. "எங்கே நிற்கிறாய்? சாப்பிட்டாயா? காயம் இருக்கா? பக்கத்திலே யார்?" என்று கேளுங்கள். வேண்டுமானால் அடுத்த பஸ்ஸிலே போங்கள்.

உங்களுக்கு ஆபத்துக் காலத்தைப் பற்றிச் சொல்லித்தர நான் யார்? நான் பிறக்குமுன்னே, 2000 ஆம் ஆண்டிலே, தென்மராட்சி முழுவதும் இடம்பெயர்ந்தபோது நீங்கள் நடந்தவர்கள். என் அம்மம்மா இன்றைக்கும் பிறப்புச் சாட்சிப்பத்திரம், காணி உறுதி, பாடசாலைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பையிலே, கதவுக்குக் கிட்டத் தொங்கவிட்டிருக்கின்றா. பதுங்குகுழிக்குள்ளே இறங்கினால் முதல் வேலை தலை எண்ணுவதுதான் என்பா. குண்டு எங்கே விழுந்தது என்று பார்ப்பது அதற்குப் பிறகாம். ஒரு தலை குறைந்தால் ஒருவர் மேலே ஏறவேண்டும். யார் ஏறுவது என்பதையும் முன்னமே பேசி வைத்திருப்பார்களாம்.

மிஷன் பாடசாலை விடுதியிலே ஒவ்வொரு இரவும் பிரார்த்தனைக்குப் பின் பெயர் கூப்பிடுவார்கள். ஒரு பெயருக்கு "சேர்" என்ற மறுமொழி வராவிட்டால், வரும்வரைக்கும் யாரும் படுக்கைக்குப் போக முடியாது. அதை நாங்கள் வெறுத்தோம். வராதவனுக்காக மற்றவன் குரல் மாற்றிச் சொல்லுவதும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அந்தத் தொல்லை ஒழிந்தது என்று மகிழ்ந்தேன். யாரும் நம் பெயரைக் கூப்பிடாத இடத்திலே, நாம் இல்லாததை யாரும் அறியமாட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. இப்பொழுது எங்கள் வீட்டிலே ஒரு வழக்கம் வைத்திருக்கின்றோம். இரவு பத்து மணிக்கு ஐவரும் கைத்தொலைபேசியிலே ஒரு சொல் அனுப்ப வேண்டும். எந்தச் சொல்லானாலும் சரி. பத்தரை வரைக்கும் வராதவனைத் தேடிப் போகவேண்டியவன் யார் என்று முறை வைத்திருக்கின்றோம்.

தொலைபேசியும் இல்லாத நேரம் வரும். 2025 கார்த்திகைக் கடைசியிலே டித்வா புயல் அடித்தபோது மலைநாட்டிலே பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. மண் சரிந்தது, மகாவலி பெருகிற்று, வீதிகள் அறுந்தன. பேராதனைக்குப் பிள்ளையை விட்டிருந்த பெற்றோர் இங்கே என்ன பாடுபட்டார்கள் என்பதை நீங்கள் கண்டீர்கள். தெரிந்த தாய் ஒருவர் ஒரே இலக்கத்தை இரண்டு நாள் அழைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் அறை நண்பர் யார், எந்த விடுதி, பக்கத்திலே நம் ஊரவர் வேறு யாராவது உண்டா என்ற ஒன்றும் அவருக்குத் தெரியாது. பிள்ளை சுகமாகத்தான் இருந்தது. வேறொரு மாணவரின் தந்தைக்குக் குறுஞ்செய்தி ஒன்று போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் தந்தையும் நம் கொடிகாமத்தவரே. இரு வீட்டுக்கும் இடையே கால் மைல் தூரம் இராது.

எல்லாவற்றையும் முன்னெச்சரிக்கையினாலே தடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2016 ஒக்டோபரிலே, குளப்பிட்டியில், இரவிலே மோட்டார் சைக்கிளில் வந்த யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிசார் சுட்டதையடுத்து உயிரிழந்தார்கள். முதலிலே வீதி விபத்து என்றுதான் சொன்னார்கள். அந்த இரு பிள்ளைகளும் எந்த விதியைக் கைக்கொண்டிருந்தாற் பிழைத்திருப்பார்கள் என்று என்னைக் கேட்டால் என்னிடம் மறுமொழி இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் அவர்கள் சைகை காட்டுகின்றார்கள். ஒரு காரியத்தை மட்டும் சொல்லி அமர்கின்றேன். வாசலிலே, பாதணிகள் கழற்றிய இடத்துக்குப் பக்கத்து மேசையில், ஒரு கொப்பி வைத்திருக்கின்றேன். நம்மூரிலிருந்து எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாலும், அந்தப் பிள்ளையின் பெயர், தங்கியிருக்கும் இடத்தின் முழு விலாசம், இரத்த வகை, அறை நண்பர் ஒருவரின் இலக்கம் ஆகியவற்றை முன்பக்கங்களில் எழுதுமாறு கேட்டுக்கொள்ளுகின்றேன். கொப்பி சங்கத்துச் செயலாளரிடம் பூட்டிலே இருக்கும். பெண் பிள்ளைகளின் விபரங்களை அவர்கள் விரும்பினாலன்றி எவருக்கும் காட்டுவதில்லை என்று செயற்குழு உடன்பட்டிருக்கின்றது. கொப்பியைப் பின்புறமாகத் திருப்பினால் அங்கே வேறொரு தலைப்பு இருக்கின்றது: இரவு எந்த நேரத்திலும் தொலைபேசியை எடுப்பதற்கும், எந்தப் பிள்ளை அழைத்தாலும் என்ன நடந்தது என்று முதலிலே முழுவதும் கேட்பதற்கும் சம்மதிக்கும் பெரியோர்களின் பெயர்கள். முன்பக்கத்திலே இன்று மாலைக்குள் பதினொரு பெயர் வந்திருக்கின்றது. பின்பக்கத்திலே எவரும் இன்னும் எழுதவில்லை. பேனையும் மேசையிலேயே கட்டியிருக்கின்றது.